பாதத்துக்கு அடியில்

வீடியோவில் பார்த்தேன்:
அரைமண்டி சரி. முத்திரை சரி.
முழங்கை தோளுக்கு நேர்.
கண்கள் மட்டும் கணக்குப்பிள்ளை.
தகதிமி தகஜணு என்று உள்ளே ஓடிய ரசீதை
யார் வேண்டுமானாலும் வெளியிலிருந்து வாசிக்கலாம்.

“நீ ஆடவில்லை, கோமளேசு,
ஆடியதைச் சரிபார்க்கிறாய்” என்றாள் தவமலர்.
அவளுக்கும் என் வயதுதான்.
அதனாலேயே கூடுதலாகச் சுட்டது.

செந்தூலில், கார் பேட்டரிக் கடைக்கு மேல்மாடி
எங்கள் ஒத்திகை அறை.
கீழே லாரி பின்வாங்கும்போதெல்லாம் கண்ணாடி நடுங்கும்,
கண்ணாடிக்குள் நாங்கள் அறுவரும் நடுங்குவோம்.
அன்று பழைய பெட்ஷீட்டால் அதை மூடினாள்.
மூன்று நிமிடம் சும்மா நிற்கச் சொன்னாள்.
நடனம் அமைக்கிறவள் நிற்கச் சொன்னால்
நம் பாகம் குறைகிறது என்று அர்த்தம்,
அப்படித்தான் நினைத்தேன்.
முதல் நிமிடம் மூக்கு அரித்தது.
இரண்டாவதில் நாளைய நோயாளிகளை எண்ணினேன்.
மூன்றாவது வரவேயில்லை.

பகலில் நான் பூடுவில்
பல் டாக்டர் பக்கத்தில் உறிஞ்சுகுழாய் பிடிக்கிறவள்.
இல்லாமல் இருப்பதில் பதினொரு வருடப் பயிற்சி.
முகக்கவசம், கையுறை, ஓரம்.
திறந்த வாய்கள் டாக்டரை ஞாபகம் வைத்துக்கொள்ளும்;
குழாயை யார் நினைப்பார்?

வேலை விட்டு வரும் ரயிலில்
கம்பி பிடிக்காமல் நின்று பழகினேன்.
ஹங் துவா வளைவில் சரிந்து
ஒரு மாணவனின் பால் தேநீரைச் சட்டையில் வாங்கினேன்.
“மாஃப், டிக்.” அவன் சிரிப்பை அடக்கினான்.
மறுவாரம் கவனித்தேன்:
பிரேக் பிடிக்கும் முன்பே
வலது குதிகாலுக்கு அது தெரிந்துவிடுகிறது.
எண்ணாமலே.

பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபம். ஏர்கான் எலும்பைத் தொட்டது.
மூன்றாம் பகுதி:
வெள்ளம் வடிந்த வீட்டுக்குத் திரும்பும் பெண்கள்.
என் இடம் பின்வரிசை, ஓரம்.
இடது சலங்கையிலிருந்து ஒரு மணி கழன்றது.
சத்தம்கூட இல்லை, அரிசியில் கல் விழுந்த மாதிரி.
உருண்டு உருண்டு
மஞ்சள் டேப் ஒட்டிய இடத்தில் போய் நின்றது.
அங்கேதான், இன்னும் கொஞ்ச நேரத்தில்,
சு யின் பாய்ந்து இறங்குவாள்,
வெறுங்காலோடு.

எனக்கு அமைத்த அசைவு, குனிந்து சேற்றை வழிப்பது.
குனியவில்லை. நடந்தேன்.
ஓடியிருந்தால் விபத்து என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.
சேறு முழங்காலளவு இருந்தது, ஆகவே மெதுவாக.
போய் அதன்மேல் பாதத்தை வைத்தேன்.
நின்றேன்.

சு யின்னைப் பார்த்தேன்.
ஆறு வருடம் பக்கத்தில் ஆடியும்
அவள் இடது கண்ணில் ஒரு தேன்நிறப் புள்ளி இருப்பது
அப்போதுதான் தெரிந்தது.
பாய்ச்சலை அவள் ஒரு முழம் தள்ளிப் போட்டாள்.
மிருதங்கக்காரர் தலையைத் தூக்கினார்.
மூன்றாம் வரிசையில் யாரோ இருமலை விழுங்கினார்கள்.
என் தோளில் வெயில் மாதிரி ஒன்று:
மேலே திலகேஸ், யாரும் சொல்லாமலே,
ஒரு விளக்கை ஏற்றியிருந்தான்.
எத்தனை ஆவர்த்தனம்?
தெரியாது.
எனக்கு, முதல்முறையாக, தெரியாது.

“அந்த நிற்பை வைத்துக்கொள்வோம்”
என்றாள் தவமலர், வாழைப்பழம் உரித்தபடி.
“நாளைக்கும் அதே இடம்.”
பேனா தேடி, மஞ்சள் டேப்பில்
என் பெயரின் முதலெழுத்தை எழுதினாள்.
நாளைக்கு மணி இருக்காதே, எதை மிதித்து நிற்பது
என்று நான் கேட்கவில்லை.
அவளும் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மோனோரயிலில் செருப்பைக் கழற்றிப் பார்த்தேன்.
உள்ளங்காலில் சின்னதாக, சிவப்பாக ஒரு வட்டம்.
அதன்மேல் முழு எடையையும் வைத்து நின்றேன்.
சௌ கிட் வரைக்கும் வலித்தது.
அப்புறம் தேடித்தான்
கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.